அந்தரத்தில் நின்ற டென்சியோவும் ஃபவுலே செய்யாத கிரிசாந்தோவும்

1989ஆம் வருஷத்துத் திருவிழாக் கூடைப்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், பந்தோடு எம்பிய டென்சியோ மல்யாரி அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. வளையத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கமாக, இரண்டு கையாலும் பந்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி அந்தரத்தில் நின்றுவிட்டார். அவருடைய வடக்குத் தெரு அணி ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கையிலிருந்த பந்து கூடையில் விழுந்தால் கோப்பை வடக்குத் தெருவுக்கு, விழாவிட்டால் தெற்குத் தெருவுக்கு. ஆட்டக் கடிகாரமும் அதே நேரத்தில் நின்றுபோனது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. அந்த வருஷம் நெல் கிலோ ஐந்து பேசோவுக்குப் போயிற்று.

டென்சியோவுக்கு நேர் கீழே ஒரு கையை உயர்த்தி மறித்து நின்றவர் தெற்குத் தெருவின் கிரிசாந்தோ லகாஸ்கா. எங்கள் ஊரான சான் கலிஸ்தோவில் அந்த இருவரில் யார் பெரியவர் என்று சொல்லாமல் யாரும் கல்யாணம்கூடச் செய்துகொள்ள முடியாது. டென்சியோ புள்ளிகளின் ராஜா. மணிலாவில் ஒரு பெயின்ட் கம்பெனி அணிக்கு மூன்று வருஷம் ஆடியவர். சம்பளத்தில் பாதியைப் பணமாகவும் பாதியைப் பெயின்டாகவும் கொடுத்தார்கள், வடக்குத் தெரு வீடுகளெல்லாம் இன்றைக்கும் ஒரே பச்சையாக இருப்பது அதனால்தான். கிரிசாந்தோவின் பெருமை வேறு ரகம். ஆடிய காலம் முழுக்க ஒரு ஃபவுல்கூடச் செய்யாதவர். எதிராளியின் கையில், தோளில், நகத்தில்கூடப் படாமல் பந்தை மட்டும் தட்டிக்கொண்டு வருவார். அவருடைய நிழல் அவருக்கு முன்னாலேயே ஓடிப் போய் எதிராளியை மறித்து நிற்கும். இவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்தால் போதும். மணிலாவிலிருந்து அவரையும் கூப்பிட்டார்கள். நிழல் முந்தின பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. இவர் போய்ச் சேர்வதற்குள் அது ஆடித் தோற்றுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஃபவுல் இல்லாத பெயரை மட்டும் பீங்கான் பாத்திரத்தைப் போலப் பார்த்துக்கொண்டார். நெரிசலான ஜீப்னி வண்டியில்கூடப் பக்கத்து ஆள்மீது தோள் உரசாதபடி ஒடுங்கி உட்காருவார்.

மைதானத்தின் ஓரத்தில் பெனில்டா அம்மாவின் கஞ்சிக் கடை. இரண்டு தெருவும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடும் இடம் அதுதான்.

"டென்சியோ போட்ட பாய்ன்ட்டெல்லாம் கூட்டிப் பாருய்யா."

"கூட்டு, யாரு வேணாம்னா? அதுல கிரிசாந்தோ முன்னாடி நின்னப்போ போட்டது எத்தனைன்னு சொல்லு."

"உங்க ஆளு மணிலாவைப் பாத்திருக்காரா?"

"உங்க ஆளு தரையைப் பாத்திருக்காரா?"

"கஞ்சி குடிக்க வந்தீங்களா, வாய்தா வாங்க வந்தீங்களா?" என்பார் பெனில்டா, இஞ்சியைத் தூக்கலாகப் போட்டபடி.

நடுவர் உல்பியானோ முதல் நாளிலேயே விதியைச் சொல்லிவிட்டார். பந்தோடு எம்பியவன் பந்தோடு தரையில் கால் வைத்தால் டிராவலிங். தப்பாட்டம். டென்சியோ தோற்றதாக அர்த்தம். ஆகவே ஏணி வைக்கக் கூடாது, கயிறு போட்டு இழுக்கக் கூடாது. பந்தை எறிந்துவிட்டு இறங்கலாம். அல்லது யாராவது அவர்மேல் ஃபவுல் செய்தால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும், கௌரவமாக இறங்கி வந்து, யாரும் மறிக்காமல் இரண்டு ஃப்ரீ த்ரோ போடலாம். இரண்டும் நடக்கிற காரியமாக இல்லை. ஆட்டம் முடியாததால் உல்பியானோ விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. அவர் தும்மும்போதெல்லாம் விசில் ஊதி, தெருவில் போகிற டிரைசிக்கிள்கள் பிரேக் போட்டு நின்றன.

தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு வாரம் வந்தார்கள். பிறகு பக்கத்து மாகாணத்தில் இரட்டைத் தலைக் கன்று பிறந்ததால் அங்கே போய்விட்டார்கள். அந்தரத்தில் நிற்பவருக்கும் ஞாயிறு பூசைக் கடமை உண்டா என்று பங்குச் சாமியார் ஆயருக்கு எழுதிக் கேட்டார். உண்டு என்று பதில் வந்தது. பூசையை மைதானத்துக்கு மாற்றினார்கள். எப்படியும் எங்கள் ஊரில் எல்லாம் அங்கேதான் நடக்கும். நெல் காயப்போடுவதும், ஓட்டு எண்ணுவதும், வெள்ளம் வந்தால் பன்றிகளைக் கட்டுவதும், செத்தவரைக் கிடத்துவதும் அந்த சிமென்ட் தரையில்தான். அதன் ஒவ்வொரு சாமானிலும் யாராவது ஒரு அரசியல்வாதியின் பெயர் இருக்கும். பலகையில் மேயர், கம்பத்தில் கவர்னர், வளையத்தில் செனட்டர். அடுத்த தேர்தலுக்குள் டென்சியோவின் காலிலும் ஒரு பேனர் தொங்கியது: "இந்த உயரம் நமது கேப்டன் ரோடெலியோவின் சாதனை." கேப்டன் என்றால் எங்கள் ஊர்த் தலைவர். எந்தப் படையிலும் இருந்தவர் அல்ல.

கிரிசாந்தோ மூன்று நாள் கையைத் தூக்கியபடியே நின்றார். இவர் நகர்ந்தால் டென்சியோ நிம்மதியாகப் பந்தைப் போட்டுவிடுவார் அல்லவா. நான்காம் நாள் மேலிருந்து குரல் வந்தது, எங்கள் ஊரில் நண்பனைக் கூப்பிடும் 'பாரே' என்ற சொல்லோடு.

"பாரே, வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிட்டு வா. நீ வர்ற வரைக்கும் போடமாட்டேன்."

"சத்தியமா?"

"எங்கம்மா மேல."

அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. கிரிசாந்தோ தினமும் சாயங்காலம் வயலிலிருந்து வந்து, கால் கழுவி, டென்சியோவின் கீழே நின்று ஒரு மணி நேரம் கையை உயர்த்திவிட்டுப் போனார். பேச்சுத் துணைக்கு ஆகும். முடியும் முதுகும் இப்படியே நரைத்து வளைந்தன. ஒரு நாள் அவரே கேட்டார், "ஏன் பாரே, ஒரு தடவை போட்டுத்தான் பாரேன்." டென்சியோ பந்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "விழாட்டி? மீதி நாளை எங்க போய்க் கழிக்கிறது?" என்றார். கிரிசாந்தோவுக்கு அது நன்றாகவே புரிந்தது. விழுந்துவிட்டால் தான் எங்கே போய்க் கழிப்பது என்று அவரும் பல நாள் யோசித்திருக்கிறார். பந்து கையில் இருக்கும்வரை இரண்டு பேருமே தோற்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் தோற்றது ஒரே ஒரு ஆள். டென்சியோவின் மனைவி சோர்சியா. மாங்காய் பறிக்கும் துரட்டியில் வாளியைக் கட்டி, தினமும் காலையில் ரொட்டியும் காப்பியும் மேலே அனுப்புவாள். அனுப்பும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள்: "இறங்கி வாய்யா, கூரை ஒழுகுது." வீட்டுக் கூரையில் ஒரு தகரம் விலகியிருந்தது. வேறு யாராவது சரிசெய்கிறேன் என்று வந்தால் அவள் விடமாட்டாள். ஏணியோடு போன கிரிசாந்தோவையே வாசலில் நிறுத்திவிட்டாள். "அது அவரு வேலை. நீங்க அவரைக் கீழ இறக்குறதுக்கு வழி பாருங்க" என்றாள். கிரிசாந்தோ ஏணியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். வழி என்ன என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு அடி. மணிக்கட்டில் ஒரே ஒரு அடி. அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இருபத்தெட்டு மழைக்காலம் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் பாத்திரம் வைத்தே தூங்கினாள். ஒரு பிப்ரவரியில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள்.

சவப்பெட்டியை மைதானத்தில், டென்சியோவுக்கு நேர் கீழே வைத்தார்கள். அவர் அவளைப் பார்க்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எங்கள் ஊர்ச் சாவு வீட்டு வழக்கப்படி சீட்டாட்ட மேசைகள் போட்டாயிற்று, பிஸ்கட்டும் காப்பியும் வந்தன, இரு தெருவும் வந்தது, யார் பெரியவர் என்ற பேச்சும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அப்போதுதான் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. டென்சியோ சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். சவப்பெட்டிமேல் கண்ணீர் விழக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். விழுந்தால் போகிற ஆன்மாவுக்குக் கால் பாரமாகிவிடும், கிளம்ப முடியாது. பெரிய குடையாகக் கொண்டுவந்து பிடித்தார்கள். துளிகள் குடையைச் சுற்றிக்கொண்டு போய்க் கண்ணாடியில் விழுந்தன. பெட்டியை எதிர் வளையத்துக்கு நகர்த்தினார்கள். துளிகள் சாய்வாகப் பறந்து அங்கேயும் விழுந்தன. மைதானத்தில் வேறெங்கும் ஒரு பொட்டு ஈரமில்லை. அடுத்த பாதியில் காய்ந்துகொண்டிருந்த நெல்கூட நனையவில்லை.

"இப்படியே புதைச்சா அவ பாதி வழியில உக்காந்துடுவா. நான் ஜெபம் சொல்லமாட்டேன்" என்றார் பெனில்டா. கஞ்சிக் கடைக்காரரான அவர்தான் சாவு வீட்டு ஜெபத்துக்கும் தலைமை. சவ ஊர்திக்காரர் தனக்கு வேறு ஊரில் ஆள் காத்திருப்பதாகச் சொன்னார். கேப்டன் குடையில் தன் பெயர் எழுதியிருப்பதை எல்லோரும் பார்க்கும்படி திருப்பிவைத்தார்.

கிரிசாந்தோ வளையத்தின் கீழே போய் அண்ணாந்தார். "பாரே, பந்தைப் போட்டுட்டு இறங்கி வா. முகத்தைத் துடைச்சுக்கோ. விழுந்தா விழட்டும், விழாட்டி போகட்டும்."

"காலையிலேர்ந்து அதைத்தான் பாக்குறேன். கை விடமாட்டேங்குது பாரே. இத்தனை வருஷத்துல விரலெல்லாம் பந்துத் தோலோட ஒட்டிப்போச்சு."

கிரிசாந்தோ பெட்டியைப் பார்த்தார். கண்ணாடிக்கு அடியில் சோர்சியா, இன்னும் ஏதோ சொல்லவேண்டியது பாக்கி இருப்பவளைப் போல இருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மடித்து வைத்தார். முழங்காலில் தைலம் தேய்த்தார். தெற்குத் தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அண்ணே, வேணாம்ணே. பேரு போயிடும்ணே" என்று ஒருவர் அவர் காலையே பிடித்தார். "எடுறா கையை. இப்ப நீதான் ஃபவுல் பண்றே" என்று சொல்லிவிட்டு கிரிசாந்தோ ஓடினார்.

மணி நான்கு இருக்கும். வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது. அறுபத்தைந்து வயது உடம்பு தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது, அதுவே அதிகம். ஆனால் நிழல் வழக்கம்போல முன்னால் போய், கம்பத்தில் ஏறி, பலகையில் மேயரின் பெயரைத் தாண்டி, டென்சியோவின் மணிக்கட்டில் பளாரென்று ஒன்று வைத்தது. சத்தம் ரைஸ் மில் வரைக்கும் கேட்டது. உல்பியானோ விசில் ஊதினார். இந்த முறை தும்மல் அல்ல.

டென்சியோ பழுத்த இலை போல மெதுவாக இறங்கினார். பாதம் தரையில் பட்டதும் முழங்கால் இரண்டும் முறிகிற மாதிரிச் சத்தம் போட்டன. விரல்கள் பந்தைவிட்டுப் பிரிந்தன. கிரிசாந்தோ, ஃபவுல் செய்தவன் செய்யவேண்டிய முறைப்படி, வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னுடையதுதான் என்று கையை உயர்த்தினார்.

தெற்குத் தெரு ஒத்துக்கொள்ளவில்லை. நிழல் பட்டால் ஃபவுலா, எந்த விதியில் இருக்கிறது, பந்தில்தான் பட்டது, கையில் படவே இல்லை என்று சீட்டாட்ட மேசைகள்மேல் ஏறி நின்றார்கள். கிரிசாந்தோ இருபத்தெட்டு வருஷம் கொடுக்காமல் வைத்திருந்ததைக் கடைசியில் கொடுத்தால், அவருடைய ஆட்களே அதை வாங்கவிடவில்லை. அதைவிட மோசம், டென்சியோவும் வாயைத் திறந்தார்.

"அவரு என்னைத் தொடவே இல்ல. நான்தான் பந்தோட இறங்கிட்டேன். டிராவலிங். தெற்குத் தெரு ஜெயிச்சாச்சு, கோப்பையைக் கொடுங்க."

"டேய், பொய் சொல்லாதே. மணிக்கட்டு செவந்திருக்கு பாரு."

"அது வெயில்ல செவந்தது."

"இத்தனை வருஷம் கழிச்சு ஒரே ஒரு ஃபவுல் பண்ணியிருக்கேன், அதையும் திருடறியா நீ?"

வாழ்நாள் முழுக்க ஜெயிப்பதற்காகச் சண்டை போட்ட இரண்டு பேர், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தோற்பதற்காகச் சண்டை போட்டார்கள். உல்பியானோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். உதட்டில் அதன் அச்சு அப்படியே இருந்தது. "ஒருத்தர் ஃபவுல்ங்கிறார், ஒருத்தர் டிராவலிங்கிறார். எனக்குக் கண்ணும் சரியில்ல. ஜம்ப் பால்" என்றார். இருவரையும் நடு வட்டத்தில் எதிரெதிரே நிறுத்தி, பந்தை அவர்களுக்கு நடுவே மேலே எறிந்தார்.

பந்து போனது. திரும்பி வரவில்லை. தென்னை உயரத்தில் போய் நின்றுகொண்டது. இரண்டு கிழவர்களும் முழங்காலை மடக்கி, குதிக்கத் தயாராக, அண்ணாந்தபடி வெகு நேரம் நின்றார்கள்.

"வருமா பாரே?" என்றார் கிரிசாந்தோ.

"வர்றப்போ வரட்டும். வா, சோர்சியா காத்திருக்கா."

டென்சியோ தன் ஜெர்சியின் நுனியால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு முகத்தையும் துடைத்துக்கொண்டார். பெட்டி உலர்ந்திருந்தது. பெனில்டா ஜெபம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்தது. ஒன்பது நாள் ஜெபமும் முடிந்த மறுநாள் டென்சியோ தன் வீட்டுக் கூரையில் ஏறி விலகிய தகரத்தை அடித்தார். அத்தனை வருஷம் அந்தரத்தில் நின்றவருக்கு ஏணியில் தலை சுற்றியது. கீழே கிரிசாந்தோ ஏணியைப் பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல், டென்சியோவின் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கிரிசாந்தோவின் நிழல் அன்றிலிருந்து மற்றவர்களுடையதைப் போல வெயிலுக்குத் தக்கபடி விழுகிறது. நிழல் பட்டது கையிலா பந்திலா என்று கஞ்சிக் கடையில் இன்னும் பேசுகிறார்கள். பெரியவர்கள் இருவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்கிறார்கள், ஆனால் எந்தப் பக்கமும் சேர்வதில்லை. தேர்தலுக்கு முன்னால் கேப்டன் உயரமான ஏணி வைத்துப் பந்தில் தன் பெயரை எழுதவைத்தார். பந்து இன்னும் நடு வட்டத்துக்கு மேலே நிற்கிறது. நெல் காயப்போடுபவர்கள் அதன் நிழல் விழும் இடத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கிளறிவிடுகிறார்கள். அங்கே ஈரம் சீக்கிரம் காய்வதில்லை.