திருப்புலிவனம் 4, மெட்ராஸ் 38

1

ஆசியாக் கண்டத்திலேயே பெண்கள் முதன்முதலாக ரக்பி ஆடியது உத்திரமேரூருக்குப் பக்கத்தில், வற்றிக் கிடந்த திருப்புலிவனத்து ஏரிக்குள்தான். 1979, பங்குனி மாதம். பார்க்க நாற்பதாயிரம் பேர் கூடினார்கள். கிளம்பிய புழுதியில் சூரியன் மறைந்து, கோழிகள் பொழுது சாய்ந்ததென்று கூண்டுக்குத் திரும்பிவிட்டன. நடுவர் நான்.

(நாற்பதாயிரம் கொஞ்சம் அதிகம். நாலாயிரம்.)

(சரி, விடுங்கள். நாற்பது பேர், ஒன்பது ஆடுகள். கடைசிவரை இருந்தவை ஆடுகள்.)

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். போன தை மாதம் தென்னேரியில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். இறந்தவள் ராணியம்மாள், வயது அறுபத்திரண்டு. பந்தியில் அவள் மருமகளிடம், "உங்க மாமியார் ரக்பி ஆடினவங்க, தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"யாரு, எங்க அத்தையா? அவங்க வேகமா நடந்துகூட நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பஞ்சாட்சரம். ராணியின் அண்ணன். எனக்குப் பள்ளிக்கூடத்துத் தோழன். "இன்னாடா ஏகாம்பரம், எழவு வூட்லயுமா உன் புளுகு?" என்றான். நாற்பது வருஷமாக அவன் கட்சி இது ஒன்றுதான்: அப்படி ஓர் ஆட்டமே நடக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன்.

2

செவ்வானம் கருக்கும் அந்தப் பொழுதில், ஏரிக்கரையில் ஓர் இளம்பெண் தன்னந்தனியே

இந்த வரியை இங்கேயே நிறுத்திவிட்டேன். இப்படி ஆரம்பிக்கிற கதைகளில் அந்தப் பெண் நாலாம் பக்கத்தில் தண்ணீரில் விழுவாள். ராணி விழவில்லை. அவளுக்கு நடந்தது வேறு.

மறுபடியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உடற்பயிற்சி ஆசிரியையாகப் பாக்கியமேரி டீச்சர் வந்தார். அவர் அப்பா மெட்ராஸில், கம்பெனி அதிகாரிகள் ரக்பி ஆடும் மைதானத்தில் புல் வெட்டியவர். அங்கே தூக்கியெறிந்த முட்டைப் பந்து ஒன்று டீச்சரிடம் இருந்தது. காலனிப் பெண்கள் ஆறு பேரைச் சேர்த்தார். எல்லோரும் நடவுக்குப் போகிறவர்கள், தலைவி சிட்டம்மாள். யூனியன் ஆபீஸ் குமாஸ்தாவான என்னிடம் ஒரு விசில் இருந்தது. நடுவருக்கு அவ்வளவு தகுதி போதும் என்றார்கள்.

அணிக்கு ஏழு பேர் வேண்டும். ஏழாவதாக வந்தவள் ராணி.

அந்த ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் பஞ்சாட்சரம் குடும்பத்துடையது. ராணி ஆடி மாதம் தென்னேரிப் புருஷன் வீட்டிலிருந்து வந்தவள், திரும்பிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவளது இடது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. (ஏன் கேட்கவில்லை என்று இங்கே ஒரு பத்தி எழுதினேன். நியாயமெல்லாம் அழகாக வந்திருந்தது. அடித்துவிட்டேன்.)

அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டீச்சர் அவளிடம் சொன்னார்: "நம்மகூட ஆட மெட்ராஸ் டீமோட வர்ற அம்மா, உடற்பயிற்சி டீச்சர் படிப்புக்குப் பொண்ணுங்களத் தேடுறாங்க. ஹாஸ்டல் உண்டு. பங்குனியில ஒண்ணு, வைகாசியில ஒண்ணு, ரெண்டு ஆட்டம் ஆடிக் காட்டு. மீதிய நான் பேசறேன்."

தென்னேரிக்குப் போகாமலிருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது. தையல் கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

3

ரக்பியில் முக்கியமான சட்டம் ஒன்று: பந்தைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பக்கத்தில் எறியலாம், பின்னால் எறியலாம். உலகத்தார் இதைப் பழக மூன்று வருஷம் எடுத்துக்கொள்வார்கள். (புளுகு. மூன்று வாரம்.) காலனிப் பெண்களுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. நடவில் வரிசையாகக் குனிந்து பின்னால் பின்னால்தானே போகிறார்கள்? பார்க்காமலே பக்கத்தில் யார், எத்தனை அடியில் என்று தெரியும்.

ராணி நடவை வரப்பில் நின்று பார்த்தவள். முன்னாலேயே எறிந்தாள். நான் விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கினேன்.

"வரப்பு மேல நின்னா ஒண்ணும் தெரியாது சின்னம்மா" என்றாள் சிட்டம்மாள். "எங்க கூட குனிஞ்சி பின்னாடி நடந்து பாருங்க."

அறுவடை முடிந்த தாளடியில், நாற்றில்லாமல், ராணி அவர்களோடு குனிந்து பின்னால் நடந்தாள். பத்து நாளில் அவள் எறிந்த பந்து சிட்டம்மாள் கைக்குத் தானாகப் போனது. கோணல் கையால் பிடிக்க வராது. நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கப் பழகினாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. பந்தோடு ஓடுகிறவளைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ள வேண்டும். ராணி ஓடினால் ஆறு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெரிய வீட்டுப் பெண்ணைத் தொட்டுத் தள்ளிவிட்டு மறுநாள் யார் நிலத்தில் வேலைக்கு நிற்பது? "புடிங்கடீ!" என்று டீச்சர் தொண்டை கட்டக் கத்தினார். பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் சிட்டம்மாள் பாய்ந்து, ராணியின் இடுப்பைப் பிடித்துக் குப்புறச் சாய்த்தாள். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சிட்டம்மாள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

ராணி வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். "இன்னொரு தபா" என்றாள்.

[இதுவரை படித்துவிட்டுப் பஞ்சாட்சரம் சொன்னது: "பொய்யி. எங்க வூட்டுப் பொண்ணு அங்க இன்னாத்துக்குப் போறா?"]

4

மெட்ராஸ் பெண்கள் வேனில் வந்தார்கள். கால்சட்டை, பூட்ஸ், உயரம் ஆளுக்கு ஏழடி. (ஐந்தரை.) நம்மவர்கள் புடவையைக் கச்சமாகச் செருகி, மேலே நடவுக்குப் போடும் ஆம்பளைச் சட்டை. பாதி ஆட்டம் முடிவதற்குள் மெட்ராஸ்காரர்கள் முப்பது புள்ளி எடுத்துவிட்டார்கள், அப்புறம் எட்டு. நமக்குச் சுழி.

கடைசி நிமிஷத்தில் சிட்டம்மாள் பந்தோடு பிய்த்துக்கொண்டு ஓடினாள். எதிரே ஒருத்தியும் இல்லை. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் நாலு புள்ளி. ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு அப்புறம்தான் புரிந்தது. நடவில் முதலில் வரப்பை எட்டியவள் தனியாக ஏறமாட்டாள். பிந்தியவள் வந்து சேரும்வரை நிற்பாள். அவளை விட்டு ஏறினால் மரியாதையில்லை.

மெட்ராஸ் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். (இல்லை. திகைத்து ஒரு கணம் நின்றார்கள்.) சிட்டம்மாள் கத்தினாள்: "ஏய் ராணி! வாடீ! புடீ!"

சின்னம்மா இல்லை, வாங்க இல்லை. ராணி ஓடி வந்து பந்தை நெஞ்சோடு வாங்கிக் கோட்டுக்கு அப்பால் விழுந்தாள். மெட்ராஸ் அம்மா நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். வைகாசியில் இன்னொரு தரம் பார்த்துவிட்டு அழைத்துப் போவதாக டீச்சரிடம் சொன்னார்.

5

இந்தப் பகுதியை மூன்று நாள் எழுதாமல் தள்ளினேன்.

பங்குனி ஆட்டத்தைப் பார்த்த காலனிக்காரர்கள் ஒருவரும் வெளியே சொல்லவில்லை. வைகாசி ஆட்டத்துக்கு முந்தின நாள், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் கேட்க நான் அளந்தேன். சிட்டம்மாள் குரலிலேயே "ஏய் ராணி, வாடீ" என்று கத்திக் காட்டினேன். கடையே சிரித்தது. பெரிய வீட்டுப் பெண்ணைக் காலனிக்காரி 'வாடீ' என்று கூப்பிட்ட கதை எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது.

என் ஆயுளில் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்ன கதை அது ஒன்றுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராணியைத் தென்னேரிக்கு அனுப்பினார்கள். ஆறு பேர் ஆடினார்கள். "அந்தக் கை வளைஞ்ச பொண்ணு எங்கே?" என்று மெட்ராஸ் அம்மா கேட்டார். நோட்டு பைக்குள் போய்விட்டது. அந்தப் போகம் சிட்டம்மாளுக்குத் திருப்புலிவனத்தில் யாரும் நடவு கொடுக்கவில்லை. காவாந்தண்டலத்துக்கு நடந்து போய் வேலை செய்தாள். ராணி அப்புறம் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

6

முடிவு ஒன்று: வழியில் பஸ்ஸின் டயர் வெடிக்கிறது. ராணி குதித்து, எட்டு மைலை ஆறு நிமிஷத்தில் ஓடி, ஏரிக்குள்

முடிவு இரண்டு: ராணி டீச்சர், கழுத்தில் விசில், சுற்றிலும் முப்பது பெண்கள்

இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக எப்போதும் வந்ததில்லை. அதனால் நம்பிக்கை போய்விட்டது. உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது எழுதினால் எனக்கு அனுப்ப வேண்டாம்.

நோட்டைப் பஞ்சாட்சரத்திடம் கொடுத்தேன். டீக்கடைப் பகுதியை இரண்டு தரம் படித்தான். பொய் என்பான் என்று காத்திருந்தேன்.

"அவ சிரிச்சத நீ எழுதல" என்றான்.

"எப்போ?"

"கோட்டாண்ட வுழுந்தாளே, அப்போ. மண்ணுல படுத்துக்கினே சிரிச்சா. தென்னேரியிலேர்ந்து வந்தப்பறம் அன்னிக்குத்தான் சிரிச்சா."

"நீ எங்கேடா பார்த்தே?"

"மதகாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

"அப்போ பங்குனியிலேயே உனக்குத் தெரியும்?"

"தெரியும். தையலுன்னு சொல்லிட்டுப் போவா. மண்ணும் புழுதியுமா வருவா. நான் கேட்டுக்கல. நீ டீக்கடையில கத்தாம இருந்திருந்தா, கடைசி வரைக்கும் கேட்டிருக்க மாட்டேன்."

"அப்போ என்னாலதானா?" என்றேன்.

"பஸ் ஏத்துனது நானு" என்றான். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்படி ஒண்ணு நடக்கவேயில்லன்னு நீ சொன்னதா அடியில ஒரு குறிப்பு போட்டுடறேன், பஞ்சாட்சரம்."

"வாணாம்" என்றான். "நடந்ததுடா. அந்த நாலும் அடிச்சது என் தங்கச்சிதான்."