கொழும்பிலிருந்து வந்த கோல்ஃப் வாத்தியார்

கொழும்பு கோல்ஃப் மைதானத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டைப் பை சுமந்துவிட்டு 1958-ல் நான் சொந்த ஊரான மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். உச்சிப்புளிப் பக்கம் உப்புக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் பொன்னுச்சாமி, பனைகளுக்கு நடுவே மணலைச் சமன்செய்து நாலு குழி வெட்டி வைத்திருந்தார். ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன். கொழும்பில் பந்தை நான் அடித்ததைவிடப் புதரில் தேடியதுதான் அதிகம். அதை அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்வதும் மரியாதையாகப் படவில்லை.

அகமது கபீர், கோல்ஃப் வாத்தியார் என்று ஊரில் பேர் பரவியதும் எனக்கு நடையே மாறிவிட்டது. என் மனைவி தாஜுன்னிசா மட்டும், "பந்தடிக்கிறதுக்குமா வாத்தியாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆளுக்கேற்ற பாடம் என்பது என் முறை. முகத்தைப் பார்த்தே ஆளைக் கணித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பொன்னுச்சாமி ஆர்.எஸ்.மங்கலத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. "மம்பட்டியப் புடிக்கிற மாதிரி புடிங்க சார்" என்றேன். அப்படியே பிடித்தார், அப்படியே வெட்டினார். மணல் என் கண்ணில் விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பெனி டாக்டர் தவசியிடம், "ஊசி போடுற மாதிரி நிதானமா" என்றேன். பந்துக்கு வலிக்குமோ என்று பயந்தவர்போல அவர் அதைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

மேனேஜரின் மனைவி ராமலெட்சுமி அம்மாளிடம், "மோர் கடையிற மாதிரிம்மா" என்று ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுல சமையக்காரருதான் மோர் கடையிறாரு. நான் காலேஜுல டென்னிஸ் ஆடுனேன்" என்றார் அவர். பிறகு கோபமில்லாமல், "ஆளுக்கொண்ணு சொல்றீங்க பாய். ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்களேன்" என்றார்.

மூவரும் விலகி நின்றார்கள். மட்டையை ஓங்கி வீசினேன். அது காற்றைத்தான் அடித்தது. ஒரு சுற்றுச் சுற்றி மணலில் உட்கார்ந்தேன். தொப்பி தனியாகப் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். டாக்டர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "தலையத் தூக்கிட்டீங்க பாய். நானும் அதத்தான் செய்யிறேன் போலருக்கு."

"காலு ரெண்டும் ஒட்டி நிக்கிது" என்ற ராமலெட்சுமி அம்மாள், மட்டையை வாங்கி, தம் கால்களை அகட்டி வைத்து அடித்தார். பந்து பனைகளைத் தாண்டிப் போனது.

அன்று முதல் பாடம் மாறியது. ஆளுக்கு எது தப்போ, அதை நான் செய்து காட்டுவேன். அதற்குத் தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை. எல்லாத் தப்பும் என்னிடம் கைவசம் இருந்தன. மூவரும் நன்றாகத் தேறினார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் மதுரையிலிருந்து புது அதிகாரி ஒருவர் வந்தார். "இவருதான் எங்க வாத்தியாரு" என்று மேனேஜர் என்னைக் காட்டினார். "அடிக்கிறத நல்லாக் கவனிங்க. அது மாதிரி மட்டும் அடிச்சிராதீங்க."

கால்களை ஒட்டி வைத்து, தலையைத் தூக்கி, வீசினேன். பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்க் குழிக்குப் பக்கத்தில் விழுந்தது.

புது அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க சார். இன்னொரு தடவ ஒழுங்காச் செஞ்சு காட்டுறேன்" என்றேன்.