ஜீப் போகாத அலுவலகம்

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. மகேஷ்குமார் நாற்காலியோடு சாய்ந்தான். சர்வர் அறையின் கண்ணாடிக் கதவில் தலை மோதியது. கண்ணாடி உடையவில்லை. உள்ளே விசிறிகள் எப்போதும்போல் இரைந்துகொண்டிருந்தன.

"எங்க இருக்கா அவ?" என்றான் சுஜின்.

இரண்டாம் சனிக்கிழமை. அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. அந்த உள்ளாட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஐடி பிரிவு மட்டும் திறந்திருந்தது. சர்வர் வேலை ஏதாவது இருந்தால் விடுமுறை நாளில்தான் செய்ய முடியும். யாராவது ஒரு டெக்னீஷியன் தனியாக உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு மகேஷ்குமாரின் முறை என்பது சுஜினுக்குத் தெரியும். சுஜின் அந்தப் பிரிவின் ஒப்பந்த டிரைவர். அதே ஜீப்பில் இருவரும் மூன்று வருடமாக ஊரெல்லாம் சுற்றியவர்கள்.

"தெரியாது அண்ணே."

இரண்டாவது அடி வாயில். உதடு கிழிந்தது. வலி உடனே வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரையோ அடிக்கிற சத்தம்போல் தள்ளி நின்றது. மனைவி அஸ்வதி போன பிறகு மகேஷ்குமாருக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. பசியும் தூக்கமும் தகவல் மாதிரிதான் வந்து சேர்ந்தன.

போன வருடம் அஸ்வதி கரமனையிலுள்ள வீட்டின் அடுக்களையில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் ஜீப்பை எடுத்து வந்தவன் சுஜின். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே அவள் போய்விட்டாள். மின்மயானத்தில் மகேஷ்குமாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவன்தான். அதற்குப் பிறகு பல நாள் மதியத்தில் தூக்குவாளியில் சோறு வந்தது. கொண்டு வந்தவன் சுஜின். வடித்து அனுப்பியவள் அவன் மனைவி அனுஷா.

அந்த அனுஷாவைத்தான் இப்போது தேடுகிறான்.

மூன்று மாதத்துக்கு முன்பு சுஜின் அவளுடைய இடது கையை ஜீப் கதவில் வைத்து அறைந்து சாத்தினான். மூன்று விரல் எலும்பு நொறுங்கியது. அன்றே அவள் வீட்டை விட்டுப் போனாள். அடிபட்டு வரும் பெண்களுக்கென்று உள்ளாட்சி நடத்தும் ஒரு விடுதி உண்டு. அதன் முகவரி எந்தப் பலகையிலும் கிடையாது. ஆனால் விடுதிக்கும் கணினி உண்டு, பிரிண்டர் உண்டு, வாசலில் கேமரா உண்டு. அவை கெட்டுப்போனால் சரிசெய்ய ஒருவன் போகத்தானே வேண்டும்.

ஐடி பிரிவின் வேலையே அதுதான். வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் ஆன்லைன் விண்ணப்பம் திறக்கவில்லையா, மாட்டாஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து வருகிறதா, பள்ளிக்கூடத்தில் எலி ஒயரைக் கடித்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரே தொலைபேசி எண். பெற்ற பிள்ளைக்குச் சொல்லாத பாஸ்வேர்டை ஐடிக்காரன் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்பதற்கு முன்பே சொல்பவர்களும் உண்டு. விடுதியிலிருந்து புகார் வந்தால் மட்டும் இடத்தின் பெயர் எங்கும் பதியக் கூடாது. அலுவலக வண்டியில் போகக் கூடாது. மகேஷ்குமார் தன் பைக்கில் போய் வருவான்.

சுஜின் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"எல்லா ஆபீசுக்கும் நான்தான் வண்டி ஓட்டுதேன். ஒரு இடத்துக்கு மட்டும் தம்பி சொந்த பைக்குல பெட்ரோல் ஊத்திட்டுப் போறாரு. எனக்கென்ன, கண்ணு பொட்டுன்னு நினைச்சியா?"

மகேஷ்குமார் எழ முயன்றான். சுஜின் நெஞ்சில் உதைத்து மறுபடி உட்கார்த்தினான். மேசையிலிருந்த மகேஷ்குமாரின் செல்போனை எடுத்துத் தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தான். பிறகு மேசையில் சுருட்டி வைத்திருந்த நெட்வொர்க் கேபிளை உருவி எடுத்தான்.

"நல்லா அடி வாங்குதியே மக்கா. சம்பளத்துல இதும் உண்டா?"

கேபிள் கழுத்தைச் சுற்றியது. சுஜின் பின்னால் மண்டியிட்டு, ஒரு முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தான். நிதானமாகத்தான் இழுத்தான். மூச்சு முழுதாக அடைக்கும் முன்பு தளர்த்தி, மறுபடி இழுத்தான். காதுக்குப் பக்கத்தில் பேசினான். அனுஷாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். தான் செய்தது தப்பு, யார்தான் தப்பு செய்யவில்லை என்றான். பிறகு குரல் மாறியது.

"ஒனக்கப் பெண்டாட்டி செத்தா. எனக்குள்ளவ உசிரோட இருக்கா. உசிரோட இருக்கவள ஒளிச்சு வைக்க நீ யாருலே?"

மகேஷ்குமார் விடுதியில் அவளை ஒரே ஒரு முறை பார்த்திருந்தான். பிரிண்டரில் சிக்கிய தாளை எடுத்துக்கொண்டிருந்தபோது கதவருகே வந்து நின்றாள். கையில் பெரிய கட்டு. அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். சுஜினைப் பற்றிப் பேசவே இல்லை. சொல்லிவிடாதே என்றுகூடக் கேட்கவில்லை.

அவன் வாய் திறக்கவில்லை. கண்ணில் கறுப்பு ஏறியது. இப்படியே போனால் போகட்டும் என்று பட்டது. அந்த நினைப்பில் பயம் இல்லை.

அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது.

சுஜின் கேபிளை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினான். விடுதிக் காப்பாளர் பிரேமாவின் குரல். வாசல் கேமரா காலையிலிருந்து வேலை செய்யவில்லை, கேமரா இல்லாமல் பெண்பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று மலையாளத்தில் சொன்னார். மகேஷ் இல்லையா என்று கேட்டார்.

மகேஷ் லீவு, நான் புதிய ஆள் என்றான் சுஜின், அலுவலக மலையாளத்தில், மிக மரியாதையாக. வண்டி தயாராக நிற்கிறது, எங்கே வர வேண்டும் மேடம் என்றான்.

போன மாதம்தான் எல்லா அலுவலகத்துக்கும் ஒரு வகுப்பு நடந்தது. இந்த எண்ணில் யார் எடுத்தாலும் நம் ஆள்தான், தயங்காமல் விவரம் சொல்லலாம் என்று அதில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பிரேமா தயங்கவில்லை.

"கல்லாறு பாலம் கழிஞ்ஞு..." பாலம் தாண்டி என்று தொடங்கினார்.

மகேஷ்குமார் இரு காலாலும் மேசையை உதைத்தான். கழுத்தில் கேபிள் அறுத்தது. தொலைபேசி கீழே விழுவதற்குள், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, போனை வையுங்க சேச்சி என்று கத்தினான். ஒயர் பிய்ந்து இணைப்பு அறுந்தது.

சுஜின் கேபிளை விட்டான். எழுந்து நின்று பேண்டில் கையைத் துடைத்தான். கோபம் போய்விட்டிருந்தது. வேலை முடிந்தவனின் முகம்.

"பொன்முடிக்குப் போற வழிதானே. நாலு கடை, பத்து வீடு. கேட்டா எவனாவது சொல்லுவான்." ஜீப் சாவியை விரலில் மாட்டிக்கொண்டான். "மத்தக் கை இருக்கில்லா அவளுக்கு. பாத்துக்கிடுதேன்."

கதவைத் தாண்டிப் போனான்.

மகேஷ்குமார் தவழ்ந்து, பிறகு சுவரைப் பிடித்து, எழுந்தான். மாடிப்படியின் தலைப்பில் கழித்துப் போட்ட யுபிஎஸ் பாட்டரிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டும். ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கினான். சுஜின் நாலைந்து படி இறங்கியிருந்தான். செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டே இறங்கினான். திரும்பவில்லை.

மகேஷ்குமார் பாட்டரியை அவன் முதுகில் எறிந்தான்.

சத்தம் மழுங்கலாகக் கேட்டது. சுஜின் முன்னால் கவிழ்ந்து, படிகளில் புரண்டு, திருப்பத்துச் சுவரில் போய் மோதினான். பாட்டரியும் அவனோடு உருண்டு வந்து நின்றது. வலது கால் முழங்காலுக்குக் கீழே தவறான பக்கம் திரும்பியிருந்தது. முதலில் அவன் கத்தவில்லை. காலைப் பார்த்த பிறகு கத்தினான்.

மகேஷ்குமார் இறங்கி வந்தான். சுஜின் சுவரோடு ஒண்டினான். கை உயர்த்தினான். அதில் சாவி இருந்தது.

"நான் போகல மக்கா. இந்தா சாவி. போதும்."

மகேஷ்குமார் சாவியை வாங்கினான். சட்டைப் பையில் போட்டான். பிறகு குனிந்து பாட்டரியைத் தூக்கி, கையை விடாமல் அவனுடைய இன்னொரு காலின் முட்டில் இறக்கினான்.

சத்தம் கேட்டுக் கீழே டீக்கடையிலிருந்து ஆட்கள் ஏறி வந்தபோது அவன் படியில் உட்கார்ந்திருந்தான். கீழே சுஜின் அம்மாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தான்.

மகேஷ்குமாரின் கத்தலை பிரேமா அடையாளம் கண்டுகொண்டிருந்தார். இணைப்பு அறுந்ததுமே போலீஸை அழைத்துவிட்டார். சுஜின் ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நேரத்தில், விடுதியில் இருந்த பெண்களையெல்லாம் ஒரு வேனில் ஏற்றி வேறிடம் கொண்டுபோனார்கள். அனுஷாவை மட்டும் வாக்குமூலத்துக்காக, மகேஷ்குமாரை உட்காரவைத்திருந்த ஆஸ்பத்திரி போலீஸ் அறைக்கு அழைத்து வந்தார்கள். பிரேமா கூட வந்தார்.

எஸ்.ஐ. நல்ல மனிதர். மகேஷ்குமாரின் கழுத்துத் தடத்தைப் பார்த்துவிட்டு, படியில் அடிதடி நடந்தது, தற்காப்புக்காகத் தள்ளினாய், அப்படித்தானே என்று கேட்டார். வேலை போகாமலிருக்க அது போதும் என்றும் சொன்னார்.

அப்படியில்லை என்றான் மகேஷ்குமார். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு போனான், பின்னாலிருந்து எறிந்தேன் என்றான்.

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார். கீழே போய் டீக்கடைக்காரனின் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஜீப் நெடுமங்காடு தாண்டும் முன்பே மடக்கியிருப்போமே என்றார். அது தோன்றவில்லை என்றான் மகேஷ்குமார். உண்மையிலேயே தோன்றவில்லை.

"சரி. முதல் அடி அவளைக் காப்பாத்த. ரெண்டாவது அடி எப்போ?" என்றார் எஸ்.ஐ.

"சாவி என் கையில வந்த பிறகு."

அனுஷா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. அவருக்கு இனி நடக்க முடியுமா என்று கேட்டாள். ஒரு கால் தேறும், இன்னொன்றைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை என்றார் எஸ்.ஐ. அவள் முகத்தில் நிம்மதியும் இல்லை, துக்கமும் இல்லை. எழுந்து மகேஷ்குமாருக்கு எதிரே வந்து நின்றாள்.

"சாவி கிட்டின பொறவு எதுக்கு அண்ணே அடிச்சீங்க?"

அவன் யோசித்தான். அவளுக்காக என்று சொல்லலாம். கழுத்துக்காக, கிழிந்த உதட்டுக்காக என்று சொல்லலாம். அஸ்வதிக்காக என்றுகூடச் சொல்லலாம். எதுவும் இல்லை. பாட்டரி இறங்கியபோது முட்டு நொறுங்கியதைக் கையில் உணர்ந்தான். ஒரு வருடத்தில் அவன் உணர்ந்தது அது ஒன்றுதான்.

"தெரியல" என்றான்.

அனுஷா தலையை ஆட்டினாள்.

"அவரும் இப்பிடித்தான் சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும்."

குரலில் கோபம் இல்லை. தெரிந்த ஊரின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு பிரேமாவின் பக்கம் போய் நின்றுகொண்டாள். போகலாமா சேச்சி என்றாள்.

பிரேமா கைப்பையை எடுத்தார். கதவைத் திறந்தார். புதிய இடம் எது என்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார்.