அமரர் சுலோஜனாவின் கதிரைகள்

நாரந்தனைச் சந்தியில் பஸ் நிற்கிற வேம்புக்குக் கீழே சுலோஜனா கூழ் துழாவிக்கொண்டிருந்தாள். வலது கையால் மட்டும்தான். மார்பில் ஒப்பரேசன் செய்த பிறகு இடது கையைத் தூக்க ஏலாது. அதை அவள் இடுப்பில் ஊன்றி வைத்திருந்தது பார்க்கிறவர்களுக்கு அதிகாரமாகத் தெரிந்தது. அப்படித் தெரிவதில் அவளுக்கும் நட்டமில்லை.

பானைக்குள் இருந்த ஒடியல் மா அவளுடையது. காய்ந்த பனங்கிழங்கான ஒடியலை அரைத்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறவள் அவள். நண்டு, கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்தவை. புற்றுநோய் வந்து சுகப்பட்டவள் படலையில் நின்று சிரித்துக்கொண்டு கேட்டால் ஆர்தான் இல்லையென்பது? கொடுத்தவர்களே பிறகு காசும் கொடுத்து அந்தக் கூழைக் குடிக்க வந்து நின்றார்கள். புதிதாக முளைத்திருக்கிற தலைமுடி அவளுக்கு நன்றாயில்லை என்று ஊர் சொல்லத்தான் செய்தது. ஆனால் கூழ் வாங்கிக்கொண்டு அப்பால் போன பிறகுதான் சொன்னது.

பக்கத்து வளவு யோகம்மா பனையோலைப் பிளாவை இரண்டாவது தரமும் நீட்டினாள்.

"சுகப்பட்டால் நயினாதீவு அம்மனுக்கு ஏதும் செய்வினம் பிள்ளை. நீர் என்னண்டால் கூழ் வித்து ஆஸ்பத்திரிக்குக் கதிரை வாங்கிக் குடுக்கப் போறீர்."

"அம்மன் இருந்தபடிதானே இருக்கிறா மாமி. அந்த மிஸ்மார்தான் நிண்டபடி."

தீவைத் தாண்டி, பண்ணைப் பாலத்துக்கு அங்கால், அவள் வைத்தியம் செய்துகொண்ட ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற அறைக்கு மூன்று தாதிமார். இருந்த ஒரேயொரு கதிரையும் நோயாளியோடு வருகிறவருக்கு. சுலோஜனா சத்தி எடுத்தபோதெல்லாம் கோப்பை பிடித்த நிலாந்தி மிஸ், ஒரு காலை மாற்றி மறுகாலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றதை அவள் கட்டிலில் கிடந்தபடி பார்த்தாள். எழும்பினால் இவளை ஒருநாள் இருத்திப் பார்க்கவேண்டும் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள். எழும்புவேனோ என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மெத்தை வைத்த கதிரைகள் மூன்று வந்திறங்கின. பேர் எழுதாவிட்டால் நாளைக்கு யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று யோகம்மா ஒற்றைக்காலில் நின்றதில், முதுகுப் பலகையில் பேரெழுத அவை பெயின்ரர் டெனிஸ்ரனிடம் போயின. கோயில் மின்விசிறி, பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கி, சுடலை மடத்தில் ஆட்கள் இருக்கிற நீள வாங்கு என்று தீவில் எந்த அன்பளிப்பிலும் இருப்பது அவன் எழுத்துத்தான். மறுநாளே அவன் தன் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து சந்தியில் நிறுத்தினான். ஊர் கூடி வாசித்தது.

'அமரர் நாரந்தனை சுலோஜனா ஞாபகார்த்தமாக.' மூன்றிலும், வடிவான சிவப்பு எழுத்தில்.

யோகம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். டெனிஸ்ரன் தலையைச் சொறிந்தான்.

"கை பழகிப்போச்சு அக்கா. வெளிநாட்டில இருக்கிறவை எல்லாரும் செத்தவையின்ர பேரிலதானே குடுக்கிறவை. உயிரோட இருக்கிற ஆள் தன்ர பேருக்கு எழுதச் சொல்லி இதுவரைக்கும் வரேல்லை."

"அப்ப நான்தான் முதல் ஆள்," என்றாள் சுலோஜனா. "கத்தியைத் தாரும். முன்னுக்கும் பின்னுக்கும் சுரண்டினாச் சரி. நடுவில கிடக்கிற பேர் இருக்கட்டும்."

சுரண்டியும் 'அமரர்' முழுதாகப் போகவில்லை. வெயில் பட்டால் மங்கலாகத் தெரிந்தது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் முன் சீற்றில் ஏறி இருந்தாள்.

மருந்து ஏற்றுகிற அறைக்குள் நிலாந்தி மட்டும் நின்றாள். ஆறு கட்டிலிலும் ஆட்கள் கிடந்தார்கள்.

"மற்ற மிஸ்மார் எங்க? மூண்டு பேருக்கும் கொண்டு வந்தனான்."

"ஒராள் வேற ஆஸ்பத்திரிக்கு மாறிப் போட்டா. மற்றவ லண்டனுக்கு. அவைக்குப் பதிலா ஒருத்தரையும் போடேல்லை அக்கா, கேட்டபடிதான் இருக்கிறம்." நிலாந்தி குனிந்து கதிரையின் முதுகை வாசித்து, இன்னொரு தரமும் வாசித்துச் சிரித்தாள். "இதென்ன, எங்கட பேரையெல்லோ கெடுக்கிறியள். நாங்கள் சுகப்படுத்தி அனுப்பின ஆள்."

"அது பெயின்ரரின்ர பிழை. நீர் முதல்ல இரும். நான் பாத்திட்டுத்தான் போவன்."

நிலாந்தி இருந்தாள். மெத்தையில் மூடியிருந்த பொலித்தீன் சரசரத்தது. சப்பாத்திலிருந்து ஒரு குதிகாலைக் கழற்றினாள். வீங்கிய காலில் சப்பாத்தின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது.

"சோக்கா இருக்கு அக்..."

"மிஸ், மருந்து இறங்குதில்லை," என்று நாலாம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குள் ஆறாம் கட்டில்காரி கோப்பைக்குக் கை நீட்டினாள்.

நிலாந்தி நடந்துகொண்டே சப்பாத்துக்குள் குதியைச் செருகினாள். சுலோஜனா பார்த்துக்கொண்டு நின்றாள். மெத்தையில் விழுந்த பள்ளம் மெல்ல மேலெழுந்து, பக்கத்தில் கிடந்த, ஒருவரும் இருந்து பாராத மற்ற இரண்டு கதிரைகளையும் போலச் சமமாகிவிட்டது.