தலைகளுக்கு மேலே ஆர்த்து

ரௌதவிர்சி குழுவின் கச்சேரி வீடியோவில், கடைசிப் பாட்டில் என் தம்பி ஆர்த்து வருவான். புகைக்குள்ளிருந்து மெல்ல வெளிப்பட்டு, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மல்லாந்தபடி, கை மாறிக் கை மாறி மேடையை நோக்கி மிதந்து போவான். அவன் செத்து எட்டு மாதமாகிறது. இந்தப் பாழாய்ப்போன வீடியோவில் மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான்.

பின்லாந்தில் எங்கள் தம்பெரே ஊரில் ஹெவி மெட்டல் கேட்காத வீடு குறைவு. கச்சேரியில் ஒருவனைத் தூக்கித் தலைக்கு மேல் அனுப்புவது எங்களுக்குச் சாதாரணம். மேலே போகிறவன் உடம்பைத் தளர விட வேண்டும். இறுக்கிக்கொள்கிறவன் கத்துக்குட்டி, துவண்டு கிடப்பவன்தான் கைதேர்ந்தவன். அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. முன்னால் தள்ளிவிட்டு அவரவர் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மேடைக்கு முன்னால் காவலர்கள் இறக்கிவிட்டதும் அவன் ஓடிவந்து மறுபடி கூட்டத்துக்குள் நுழைவான்.

ஆர்த்துவை இறக்கியபோது அவன் ஓடவில்லை. நெரிசலில் சரிந்தவனை, மேலே ஏறப் பார்க்கிறான் என்று நினைத்துத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். எவ்வளவு அழகாகத் துவள்கிறான் என்று இரண்டு விரலைக் கொம்பாக்கி உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள், பாவிகள். அன்று எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. இதயம் சட்டென்று நின்றுவிட்டது, சரியும்போதே உயிர் போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மாவும் நானும் இத்தனை நாள் தூங்கினோம்.

குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் கிம்மோ எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். வெளியிடுவதற்கு முன்பே வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தான்.

"ஹென்னா, ஆர்த்து வர்ற இடத்த வெட்டவா, வைக்கவா? உங்கம்மா சொல்றதுதான்."

"அவங்க இதப் பாத்தா தாங்குவாங்களாடா? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"கேக்காம வெட்டினா நீயே என்னக் கிழிப்ப."

கிழித்துத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ஏலக்காய் ரொட்டியோடு வந்தாள். காப்பியைக் கையில் கொடுத்து, கிம்மோ கேட்டதைச் சொல்லிவிட்டு, வீடியோவைத் தொலைக்காட்சியில் போட்டேன்.

"என்னடி இது, தட்டுமுட்டுச் சாமான மாடிப்படில உருட்டிவிட்ட மாதிரி! இதுக்கா ரெண்டு பேரும் உயிர விட்டீங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

புகை விலகி ஆர்த்து வந்தான். "சட்டைய உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கான் பாரு, எருமை" என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது. நான் இதுவரை கைபேசியில்தான் பார்த்திருந்தேன். பெரிய திரையில் அவன் முகம் பக்கத்தில் வந்தபோது உதடுகள் அசைவது தெரிந்தது. திறந்து, மூடி, மறுபடி திறந்தன.

"ஹென்னா! வாயப் பாருடி! பாடறான்டி!" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "டாக்டர் என்னவோ சொன்னாரே! எம்புள்ள பாடிக்கிட்டேதான்டி போயிருக்கான்!"

அந்தப் பாட்டு எனக்கும் ஆர்த்துவுக்கும் தலைகீழ்ப் பாடம். அந்த இடத்தில் பாட்டே கிடையாது. பாடுகிறவன் மைக்கை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவான், கிட்டார் மட்டும் அலறும். ஆர்த்து பாடவில்லை. கூப்பிடுகிறான். அவனைச் சுற்றிலும் அத்தனை கைகள்.

"வெட்டவே கூடாதுன்னு சொல்லிடு அந்தப் பையன்கிட்ட. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள் அம்மா. "என்ன வார்த்தைடி அது? சொல்லேன்."

சட்டென்று வாயில் வந்த அந்தப் பாட்டின் முதல் அடியைச் சொன்னேன். அம்மா திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் உதட்டைப் பார்த்தபடி, அதைக் கூடவே சொல்லிப் பார்த்தாள். பொருந்தவில்லை.

"நான் சரியாச் சொல்லல போல. இன்னொரு தடவ போடுடி" என்றாள்.