இரண்டாவது ஆண் புழு

இருபத்திரண்டு வருஷமாக வராத மாப்பிள்ளை அன்றைக்கு வந்து சேர்ந்தான். நீளம் ஒரு மில்லிமீட்டர். கடல் சேற்றைச் சலித்து ஊற்றிய கண்ணாடித் தட்டில் சுருண்டு கிடந்தான். மைக்ராஸ்கோப்பில் வாலைப் பார்த்ததும் கடற்புழு ஆராய்ச்சிக்காரியான அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே வளைந்த முள், நுனியில் அதே கொக்கி.

இந்த நூல்புழுக்கள் யார் குடலிலும் ஒண்டிப் பிழைக்காதவை. கடலடிச் சேற்றில் தம்பாட்டுக்கு வாழ்பவை. இன்ன இனம் என்று சொல்ல ஆணின் வால்முள்தான் அத்தாட்சி. முதல் ஆணைக் கண்டுபிடித்தபோது அவளும் தோழியும் ஒரே மைக்ராஸ்கோப்புக்கு முறைபோட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சேற்று நாற்றத்தோடு பஸ் ஏறினால் இருவருக்கும் தானாக இடம் கிடைக்கும். புது இனம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒற்றை ஆணை நம்பி அறிவித்தால், அது கோணலாகப் பிறந்த ஒன்றாக இருக்கலாமே என்பார்கள். இன்னொன்று கிடைக்கட்டும் என்று விட்டார்கள். தோழி படம் மட்டும் வரைந்து முடித்தாள். அதற்குள் அவள் அப்பா படுத்த படுக்கையாகிவிட, வேலையை விட்டுப் போனவள் திரும்பவே இல்லை. இவள் தனியாகச் சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தது அதற்கப்புறம் கிடையாது.

புழுவுக்குத் தோழியின் பேரை வைக்க வேண்டும் என்பது இவளுடைய நெடுநாள் ஆசை. படம் வரைந்தவள் என்ற முறையில், புது இனத்தை அறிவிக்கும் கட்டுரையிலும் எழுதியவர்களில் ஒருத்தியாக அவள் பேர் வர வேண்டும். ஆனால் எழுதியவர் பேரையே புழுவுக்கும் வைத்தால், தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதாகத் துறையில் சிரிப்பார்கள். இரண்டில் ஒன்றுதான்.

தோழிக்குப் போன் போட்டு, இரண்டாவது ஆண் கிடைத்துவிட்டது என்றாள். கட்டுரையைத் தன் பேரில் எழுதி, படத்துக்குக் கடைசியில் ஒரு நன்றி போட்டுவிட்டுப் புழுவுக்கு உன் பேரை வைக்கிறேன், அது அழியாது என்றாள். தோழி வேறொன்று கேட்டாள்.

“புழுவ எதால எடுத்தே?”

இரும்பு ஊசி பட்டால் புழு கிழிந்துவிடும். குச்சி நுனியில் இமைமுடி ஒன்றை ஒட்டித்தான் தூக்குவார்கள். தலையில் இல்லாத முடியெல்லாம் இமையில் இருக்கிறது என்று கேலி செய்து, முதல் ஆணை எடுக்க இவள்தான் அன்றைக்குத் தோழியின் கண்ணிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாள்.

“உன் முடியாலதான். இன்னும் அதேதான் வெச்சிருக்கேன்.”

“அடிப்பாவி,” என்றாள் தோழி. குரல் உடைந்திருந்தது. “புழுவுக்கு எந்தப் பேர் வேணா வைடீ. என் பேரு உன் பேருக்குப் பக்கத்துல இருந்தாப் போதும்.”

போனை வைத்துவிட்டு இவள் வாய்விட்டு அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கட்டுரைத் தலைப்புக்குக் கீழே இருவர் பேரையும் ஒரே வரியில் அடித்தாள், தோழியுடையதை முதலில்.