இடம் பழகும் வரை

ஜன்னல் கொக்கியில் கை வைத்த மச்சானின் மணிக்கட்டைத் தையல்காரர் பிடித்துக்கொண்டார்.

“திறக்காதீங்க மச்சான்.”

“மாப்ளே, கூடத்துல இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க. மூச்சு முட்டுது.”

“அவ திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்த தங்கையை மச்சான் ஒருமுறை பார்த்தார். போய் உட்கார்ந்துகொண்டார்.

நேற்றுச் சாயங்காலம்தான் அவள் ஒரு டப்பாவில் பொறிவண்டுகள் வாங்கி வந்தாள். ஜன்னலோரத் தொட்டிச் செடிகளில் மாவுப்பூச்சி பஞ்சு பஞ்சாக அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீர், பூண்டுத் தண்ணீர், வேப்பெண்ணெய் எல்லாம் அடித்துப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். விஷ மருந்து மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று பிடிவாதம்.

“பூச்சிய விரட்டப் பூச்சியையே கூட்டிட்டு வந்தியா?” என்று அவர் சிரித்தார்.

“இது அதைத் திங்கும். நாளைக்கு முழுக்க ஜன்னலைத் திறந்துடாதீங்க. இடம் பழகணும். பழகிட்டா போகாது.”

காலையில், வண்டுகள் குடிக்க இலைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், ஸ்ப்ரே பாட்டிலும் கையுமாகச் சரிந்து விழுந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

கட்டிய நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் தையல்காரர் ஒழுங்காகக் கேட்டதில்லை. இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும். ஜன்னலை மறித்து நின்றவர் நகரவில்லை, அழவும் இல்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவருக்கு முதுகுப் பக்கம் புஸ் புஸ்ஸென்று தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் திரும்பவே இல்லை.

அவளைக் கொண்டுபோய் விட்டு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நேராகச் செடிகளிடம் போய் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார். மாவுப்பூச்சி அப்படியே இருந்தது. வண்டு ஒன்றுகூட இல்லை. கொக்கியோ போட்டது போட்டபடி இருந்தது.

“எங்கே போச்சும்மா எல்லாம்?”

மகள் வாசலைப் பார்த்தாள். வருகிறவர்களுக்காகக் காலையிலிருந்தே கதவு விரியத் திறந்து கிடந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த வழியாகத்தான்.

“சாத்திடட்டுமாப்பா?”

“வேணாம். இருக்கட்டும்.”

கீழே கிடந்த ஸ்ப்ரே பாட்டிலை எடுத்தார். பாதித் தண்ணீர் மீதி இருந்தது. வாசலைப் பார்த்தபடியே இலைகளின் மேல் தெளிக்க ஆரம்பித்தார்.